சாவியை விடாத பூட்டு

கார் இக்னிஷனில் சாவி சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பழுதல்ல. சாவியைப் பிடித்து வைப்பதற்கென்றே பூட்டுக்குள் வெவ்வேறு காலங்களில் சேர்க்கப்பட்ட அமைப்புகள் தம் வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

ஆரம்பகாலக் கார்களில் இந்தத் தொல்லைக்கே இடமில்லை. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் காரில் வந்தது. அதன் பிறகும் பல கார்களில் ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது. சாவி மின்சாரத்தைத் திறந்து மூடியதோடு சரி. சாவியைத் திருப்பியே இன்ஜினைக் கிளப்பும் முறையை அமெரிக்காவில் கிறைஸ்லர் 1949இல் கொண்டுவந்தது.

சாவிக்கு முதல் விலங்கு திருட்டுப் பயத்தால் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969ஆம் ஆண்டு மாடல்களில் ஸ்டீயரிங் பூட்டைப் பொருத்தியது. சாவியை எடுத்தபின் ஸ்டீயரிங் திரும்பக்கூடாது, அல்லது வண்டி தானாக முன்னோக்கி ஓடக்கூடாது என்ற அமெரிக்க விதி 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பூட்டில் ஓர் எஃகுக் கட்டை ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் போய் உட்காரும். முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றால், சக்கரத்தின் அழுத்தம் முழுவதும் கட்டையின் பக்கவாட்டில் ஏறிச் சாவி அசையாது. ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் கட்டை விடுபடும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் பல கார்களில் சாவித்துளை இருக்கைகளுக்கு நடுவே இருந்தது. ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவி வெளியே வரும்.

இரண்டாவது விலங்கு குழந்தைகளுக்காக வந்தது. நிறுத்திய ஆட்டோமேட்டிக் காரில் குழந்தைகள் கியரை நகர்த்திவிட, வண்டி தானே உருண்டு விபத்துகள் நேர்ந்தன. ஆகவே கியர் 'பார்க்' நிலையில் இல்லாவிட்டால் சாவி வெளியே வரக்கூடாது என்ற விதி 1992 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவில் அமலானது. இன்று ஆட்டோமேட்டிக் கார்களில் சாவி சிக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். லீவர் 'பார்க்'கில் நிற்பதுபோலத் தெரிந்தாலும், கேபிள் தேய்ந்திருந்தாலோ, சிந்திய குளிர்பானம் லீவரடியில் உள்ள சின்ன சுவிட்சில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தாலோ, அது முழுதாகப் பதிந்ததைப் பூட்டு அறியாது. லீவரை ஒருமுறை நகர்த்தி மீண்டும் அழுத்திப் போட்டால் பலமுறை சரியாகிவிடும். சில கார்களில் சாவியை விடுவிப்பது மின்காந்தம். பேட்டரி இறங்கிவிட்டால் அதற்கு வலுவிருக்காது.

பூட்டுக்குள் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள் தேய்வதும், தேய்ந்த சாவியிலிருந்தே நகல் எடுப்பதும் தனிக் காரணம். ஆனால் எளிதில் நழுவும் பூட்டைவிட விடாப்பிடியான பூட்டே மேல். ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் திரும்பப் பெற்ற கார்களில் இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்தின்போதே நழுவி இன்ஜின் நின்றது, காற்றுப்பைகளும் விரியவில்லை. 124 உயிரிழப்புகளுக்கு அந்த நிறுவனத்தின் நிதியிலிருந்து இழப்பீடு வழங்கப்பட்டது.

எனவே சாவி வராதபோது இடுக்கி போட்டு இழுக்க வேண்டாம். கியர், ஸ்டீயரிங், பேட்டரி, பிறகு மாற்றுச்சாவி என்று பார்த்து, அப்போதும் வராவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. உள்ளே முறிந்த சாவியை எடுக்கச் சில நேரங்களில் பூட்டையே மாற்ற வேண்டிவரும்.