ஜாம்ஷெட்பூரில் நிறுவனப் பண்பாடு உருவான வரலாறு: நலத்திட்டம் முதல் கூட்டு ஆலோசனை வரை

இந்தியத் தொழில் வரலாற்றில் நல்ல பணிச்சூழலுக்கு எடுத்துக்காட்டாக டாடா இரும்பு எஃகு நிறுவனம் அடிக்கடி சுட்டப்படுகிறது. அந்தப் பெயர் நிறுவனர்களின் பெருந்தன்மையால் மட்டும் கிடைத்ததன்று. மேலிருந்து வந்த நலத்திட்டங்களும் கீழிருந்து எழுந்த வேலைநிறுத்தங்களும் அரை நூற்றாண்டுக்காலம் ஒன்றோடொன்று மோதியதில்தான் ஜாம்ஷெட்பூரின் பணிப் பண்பாடு உருப்பெற்றது.

இதன் வேர் நாக்பூரில் இருக்கிறது. நிறுவனர் ஜாம்ஷெட்ஜி டாடா அங்கே 1877இல் திறந்த எம்பிரஸ் மில் என்ற பஞ்சாலையில், தொழிலாளர்கள் தொடர்ந்து வேலைக்கு வராதது பெரும் சிக்கலாக இருந்தது. அபராதம் போட்டு அவர்களை ஒழுங்காக வேலைக்கு வரவைக்க முயல்வதே அக்கால ஆலைகளின் வழக்கம். ஜாம்ஷெட்ஜி வேறு வழியில் போனார். பஞ்சுத் தூசியும் வெக்கையும் மண்டிய நூற்புக்கூடங்களில் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. 1886இல் ஓய்வூதிய நிதியும் 1895இல் விபத்து இழப்பீடும் வந்தன. தொழிலாளியின் நலனும் ஆலையின் லாபமும் ஒரே கணக்கின் இரு பகுதிகள் என்ற எண்ணம் இங்கேதான் முதலில் செயல்வடிவம் பெற்றது.

அடுத்து அவர் திட்டமிட்ட உருக்காலைக்கு இடம் முடிவாகும் முன்பே, 1902இல் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அமையவிருக்கும் ஊருக்கு அகன்ற தெருக்களும் நிழல் மரங்களும் விளையாட்டுத் திடல்களும் வேண்டும் என்று ஜாம்ஷெட்ஜி குறிப்பிட்டார். 1904இல் அவர் காலமானார். 1907இல் நிறுவனம் பதிவாயிற்று. ஆதிவாசிக் கிராமங்கள் சூழ்ந்த, பின்னாளில் ஜாம்ஷெட்பூர் ஆன சாக்சியில் ஆலை எழுந்தது. 1912இல் எஃகு உற்பத்தி தொடங்கிய ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைமுறையும் அறிமுகமாயிற்று. பத்தாண்டுகள் கழித்து வந்த 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்கூட வாரத்துக்கு 60 மணி நேர வேலையை அனுமதித்தது என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். 1915இல் இலவச மருத்துவம், 1917இல் நலத்துறை, 1920இல் வருங்கால வைப்பு நிதியும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் என அடுத்தடுத்து வந்தன. நலப்பணிகளை எப்படி அமைப்பது என்று சிட்னி வெப் உள்ளிட்ட லண்டன் சமூகவியல் அறிஞர்களிடமும் நிறுவனம் ஆலோசனை கேட்டது.

இத்தகைய நலத்திட்டங்கள் இருந்தும் 1920இன் தொடக்கத்தில் வேலைநிறுத்தத்தால் ஆலை நின்றது. முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்துக்கு ஈடாகக் கூலி உயரவில்லை. மேற்பார்வைப் பொறுப்புகளில் பெரும்பாலும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் இருந்தனர். அவர்களுக்கும் இந்தியத் தொழிலாளர்களுக்கும் இடையே சம்பளத்திலும் மரியாதையிலும் பெரிய இடைவெளி நிலவியது. மருத்துவமனையும் குடியிருப்பும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த ஆண்டிலேயே ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

சங்கத்தை நிர்வாகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இந்த வரலாற்றை எழுதுவோர் பலர் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் முழுக்கதையின் திருப்புமுனை இதுதான். சலுகை தர முன்வந்த நிறுவனம், சமமாக உட்கார்ந்து பேசத் தயங்கியது. 1922இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தது. பின்னர் காந்தியடிகளின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூஸ் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1925இல் காந்தியடிகள் ஜாம்ஷெட்பூருக்கு நேரில் வந்து பேசிய பிறகே சங்கத்துக்கான அங்கீகாரம் உறுதியாயிற்று. 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்து எழுந்த போராட்டம் மாதக்கணக்கில் நீண்டு கதவடைப்பு வரை போனது. சுபாஷ் சந்திர போஸ் தலையிட்டு உடன்பாடு கண்டார். ஆனால் அந்த உடன்பாட்டை ஏற்காத ஒரு பிரிவினர் மானெக் ஹோமியின் தலைமையில் தனிச் சங்கம் கண்டனர்.

1934இல் லாபப் பங்கு போனஸும் 1937இல் பணிக்கொடையும் வந்தன. இவை நாடு தழுவிய சட்டங்களாக முறையே 1965 வரையும் 1972 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1938இல் ஜஹாங்கீர் காந்தி முதல் இந்தியப் பொது மேலாளரானார்.

அணுகுமுறையில் உண்மையான மாற்றத்தைக் காட்டும் ஆவணம் 1943இல் ஜே. ஆர். டி. டாடா எழுதிய குறிப்பு. முப்பதாயிரம் இயந்திரங்கள் இருந்தால் அவற்றைப் பேணத் தனித் துறையே அமைத்திருப்போம்; மனமும் உணர்வும் உள்ள முப்பதாயிரம் மனிதர்களோ தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோமே என்பது அதன் சாரம். நிறுவனத்தின் தலைவரே தம் நிர்வாகத்தின் குறையை இவ்வளவு வெளிப்படையாகப் பதிவுசெய்தது அரிது. அதன் விளைவாக 1947இல் பணியாளர் துறை ஏற்பட்டது. குறைகளைக் கேட்பதும் ஆளெடுப்பும் பயிற்சியும் தனித்தனி மேலாளர்களின் விருப்பு வெறுப்பிலிருந்து விடுபட்டு முறைப்படுத்தப்பட்டன.

அடுத்த படி 1956 ஜனவரி ஒப்பந்தம். 1920இல் பிறந்த சங்கத்தின் வழிவந்த, மைக்கேல் ஜான் தலைமையிலான டாடா தொழிலாளர் சங்கமும் நிறுவனமும் இதில் கையெழுத்திட்டன. விரிவாக்கத்துக்காக வேலைமுறைகளை மாற்றியமைக்கும் உரிமையை நிர்வாகம் பெற்றது. அந்த மாற்றத்தின் பேரில், ஏற்கெனவே பணியில் இருக்கும் தொழிலாளர் எவரையும் வெளியேற்றுவதில்லை என்ற உறுதியைச் சங்கம் பெற்றது. துறை, ஆலை, அதற்கும் மேல் என மூன்று அடுக்குகளில் கூட்டு ஆலோசனைக் குழுக்கள் அமைந்தன. ஒரு துறையில் நிர்வாகப் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து உற்பத்தி, பாதுகாப்பு, விரயம் ஆகியவற்றைப் பேச, அங்கே தீராதது மேலடுக்குக்குப் போகும். 1920இல் சங்கத்தோடு பேசத் தயங்கிய நிறுவனத்துக்கு இது நெடுந்தூரப் பயணம். 1958இல் பெரியதொரு வேலைநிறுத்தம் வந்தபோதும் இந்த அமைப்பு கலையவில்லை.

1991க்குப் பிந்தைய தாராளமயச் சந்தை இந்தப் பண்பாட்டைக் கடுமையாகச் சோதித்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களோடு உலகப் போட்டியில் நிற்க முடியாது என்ற நிலை வந்தது. சங்கத்தோடு பேசி, முன்கூட்டியே விலகுவோருக்கு ஓய்வு வயது வரை மாதச் சம்பளம் தொடரும் வகையில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. பெருமளவு ஆட்குறைப்பு 1928ஐப் போன்ற கதவடைப்பின்றி முடிந்தது. 2008இல் தரமேம்பாட்டுக்கான டெமிங் பரிசும் கிடைத்தது.

இந்த ஏற்பாடுகளின் பயன் பெரும்பாலும் நிரந்தரப் பணியாளர்களோடு நின்றது. தொடக்க நாளில் மண்ணும் தாதுவும் சுமந்த ஆதிவாசி ஆண்களும் பெண்களும் பெருமளவில் ஒப்பந்தக்காரர்களின் கீழ் இருந்தனர். நிரந்தர வேலைகள் சுருங்கிய பின் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு மேலும் கூடியது. 1956இல் உருவான கூட்டுக் குழுக்கள் நிரந்தரப் பணியாளரின் சங்கத்தை மையமாகக் கொண்டே வடிவமைக்கப்பட்டவை. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதே மேசையில் இடம் வேண்டும் என்பதே ஜாம்ஷெட்பூரின் முன் இன்று நிற்கும் கோரிக்கை.