ஆரியச்சக்கரவர்த்தி அனுப்பிவைத்த மலையேற்றம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலைக்குப் போனால் கேணியும் கடலும்தான் இருக்கு. மலை பெயரில் மட்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு மேல தட்டையாகக் கிடக்கிற நிலம் எங்கட நிலம். ஆனாலும் சிவனொளிபாதமலை ஏறுவதைப் பற்றி மத்திய காலத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்திருக்கிற விரிவான குறிப்பு ஒன்று, யாழ்ப்பாண இராச்சியத்து அரசன் ஒருவனின் முன்னால்தான் தொடங்குது.

ஆண்டு 1344. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து கப்பலேறி, காற்று திசைமாற்றிவிட, இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்து சேருகிறார். கடலில் நிற்கும்போதே தூரத்தில் புகைத்தூண் மாதிரி அந்த மலை தெரிந்ததாம். அவர் இறங்கிய ஊரை 'பத்தாலா' என்கிறார், அது புத்தளம். அங்க இருந்த அரசன் ஆரியச்சக்கரவர்த்தி. மார்த்தாண்ட சிங்கையாரியன்தான் இவன் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

இந்த அரசனைப் பற்றி இப்னு பதூதா சொல்லுறது சுவாரசியமானது. அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகள் முன்னால் குவிந்திருந்தன. உள்ளங்கை அளவில் மாணிக்கக் கிண்ணம் ஒன்றும் அவனிடம் இருந்தது. அவனுடைய கப்பல்கள் நூறை ஒரே நேரத்தில் தமிழ்நாட்டுக் கரையில் கண்டதாகவும் எழுதுகிறார். என்ன வேணும் என்று அரசன் கேட்டபோது, இந்தத் தீவுக்கு வந்ததே ஆதமின் பாதத்தைத் தரிசிக்கத்தான் என்று பயணி சொன்னார். அது லேசான காரியம், ஆள் அனுப்பிவைக்கிறேன் என்றான் அரசன்.

அனுப்பியவர்களின் பட்டியலைப் பாருங்க. ஒவ்வொரு வருசமும் அந்தப் பாதத்தைத் தரிசிக்கப் போகிற யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், அரசனின் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர். பயணிக்குப் பல்லக்கு வேற. அதாவது ஒரு முஸ்லிமை, ஆதமின் காலடியைப் பார்க்க, ஒரு சைவ அரசன், யோகிகளோடும் பிராமணர்களோடும், ஒரு சிங்கள அரசனின் நாட்டுக்குள்ளால அனுப்பிவைக்கிறான். யாருடைய பாதம் என்ற விவாதம் அந்தப் பதிவில் எங்கயும் இல்லை.

பாதை சிலாபம் வழியாக உள்நாட்டுக்குத் திரும்புது. இடையில் 'குனகார்' என்ற தலைநகர் வருது. அது குருநாகல் என்று சிலரும் கம்பளை என்று வேறு சிலரும் சொல்லுவினம். பிறகு காடு. ஈரமான மரங்களிலிருந்தும் புல்லிலிருந்தும் ஆள்மேல பாயிற அட்டைகள். அங்கத்தைய ஆட்கள் அதற்குத் தேசிக்காயைத் தயாராக வைத்திருப்பார்களாம். புளியைப் பிழிந்தால் அட்டை கழன்று விழும். இன்றைக்கும் இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுகிறவைக்கு இந்த அட்டைப் பிரச்சினை நல்லாத் தெரியும்.

அடிவாரத்திலிருந்து உச்சிக்கு இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று 'பாபா' பாதை, ஆதமுக்குரியது. மற்றது 'மாமா' பாதை, ஏவாளுக்குரியது. மாமா பாதை இலேசு. ஆனால் அதால ஏறினவரை யாத்திரை செய்தவராகவே எண்ண மாட்டார்களாம். பாபா பாதைதான் கடினம்: பாறையில் வெட்டிய படிகள், பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் 10. கடைசிச் சங்கிலியில் நின்று கீழே பார்த்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமா சொல்லுமாம்; அதனால் அந்தச் சங்கிலிக்கே கலிமாச் சங்கிலி என்று பெயர். மேலே, பாதத்தைச் சுற்றிப் பாறையில் 9 குழிகள். பக்தர்கள் பொன்னும் முத்தும் மாணிக்கமும் அதற்குள்ள போடுவார்கள். அதை எடுக்கப் பக்கீர்கள் முந்தியடித்துக்கொண்டு ஓடுவார்களாம். பக்தியும் காசும் அப்பவே சேர்ந்துதான் மலையேறியிருக்கு.

இதை வைத்து, 'அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்' என்று முடித்துவிடலாம். அது சரியில்லை. அதே நூலிலேயே வேறு விசயங்களும் இருக்கு. முன்னொரு காலத்தில் முஸ்லிம் பக்கீர்களை அந்த மலைக்குப் போக விடாமல் தொல்லை செய்தார்கள், ஷீராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீஃப் வந்துபோன பிறகுதான் வழி திறந்தது என்ற கதையை இப்னு பதூதா சொல்கிறார். குனகாரில் இருந்த ஷேக் உஸ்மான் என்பவர் பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஒரு மாட்டைக் கொன்றதற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. மரியாதைக்குரியவர் என்பதால் உயிர் தப்பியது. ஒரு சந்தையின் வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மரியாதையும் தண்டனையும் ஒரே ஆளுக்கு, ஒரே ஊரில்.

ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரமும் வெறும் பெருந்தன்மை இல்லை. முத்தும் கறுவாவும் கடல்கடந்து விற்கிற அரசனுக்கு அரபு, பாரசீக உலகத்திலிருந்து வருகிற மனிதர் முக்கியமானவர். வியாபாரம்தான் பாதையைத் திறந்தது என்றாலும், திறந்த பாதை பாதைதான்.

அந்த மலைக்கு உரிமை கொண்டாடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்காகக் கிலிமலைக் கிராமத்தை ஒதுக்கினான். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீதாவாக்கை முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி கூறுது. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் அதைத் திரும்பப் பிக்குகளிடம் ஒப்படைத்தான். ஸ்ரீபாத, சிவனொளிபாதம், பாவா ஆதம் மலை எண்டு எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 'எங்கட மலை, உங்களுக்கு என்ன வேலை' என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வரலாறு ஆதாரம் தராது. எங்களுக்கும்தான்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த மலை பாடப்புத்தகத்துப் படம் மட்டும்தான். இப்ப யாழ்தேவியில் ஏறிக் கொழும்பு, அங்கயிருந்து ஹற்றன், பிறகு பஸ்ஸில் நல்லதண்ணி என்று போய்விடலாம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் பருவகாலம். 2,243 மீற்றர் உயரம், ஆயிரக்கணக்கான படிகள். இருட்டில் ஏறத் தொடங்கினால் விடியலில் உச்சி. போகிறவை, 680 வருசத்துக்கு முதல் வடக்கின் அரசனிடம் வழிகேட்டுப் போன அந்த மனிதரையும், அவரோடு ஏறின பெயர் தெரியாத அந்த 15 சுமைகாரரையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்க. யோகிக்கும் பிராமணருக்கும் முஸ்லிமுக்கும் வேண்டிய சாப்பாட்டை முதுகில் சுமந்து நடந்தது அவர்கள்தான்.