லாபத்துக்கு முந்தின வரி

எங்கள் கடையில் படியால் அளக்கும்போது யாரும் "ஒன்று" என்று எண்ண மாட்டார்கள். முதல் படி "லாபம்", அடுத்ததுதான் "ரெண்டு". தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் கேட்டிருப்பீர்கள். அந்த லாபத்துக்கும் முந்தின வரி ஒன்று தாத்தாவின் பேரேட்டில் இருந்தது. அதை நான் பார்த்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

விருதுநகரில் மூன்று தலைமுறையாகப் பருப்பு, வத்தல், மல்லி மண்டி வைத்திருக்கிறோம். அப்பா இறந்த மறுவருடம், வெளியூர் பாக்கி எதுவும் வந்து சேரவில்லை. வாங்கி அடுக்கியிருந்த உளுந்தும் விலை இறங்கிவிட்டது. கடையை ஒத்திக்குக் கொடுத்துவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். எதற்காக இந்த மண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், என்னிடம் பதில் கிடையாது.

சாமான்களை ஒதுக்கும்போது மர அலமாரியின் அடித்தட்டில் பேரேடுகள் கிடைத்தன. சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டுகள். பக்கங்களுக்கு நடுவே வத்தல் விதைகள் ஒட்டிக்கிடந்தன. பிரித்ததும் தும்மல் வந்தது. ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே "மகமைக் கணக்கு". தேதி, இறங்கிய மூட்டை, அதற்கான அணாவும் பைசாவும். அதே வருடத்தின் கடைசிப் பக்கத்தில் தாத்தா தன் கையாலேயே நஷ்டம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு முந்தின நாள் வரை மகமை விடாமல் ஏறியிருந்தது.

அப்பாவிடம் கணக்கு எழுதிய பெரியவரிடம் நோட்டைக் காட்டினேன். "நஷ்டத்திலயுமா மகமை போட்டாங்க?" என்றேன். "லாபம் வந்தாத்தான் போடணும்னா ஒருத்தனும் போட மாட்டான் தம்பி. மூட்டை இறங்குனா மகமை. அவ்வளவுதான்" என்றார்.

மகமை என்பது வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரி. சரக்குக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு எடுத்துவைப்பார்கள். இது எங்கள் ஊரில் பிறந்த வழக்கம் இல்லை. சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டம், தாங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கோயிலுக்கு இவ்வளவு கொடுப்பது என்று பேசி முடித்து வெட்டிவைத்தது. அதற்குப் பட்டணப்பகுடி என்று பெயர். உப்பு, பருத்தி, மிளகு, பாக்கு தொடங்கிக் குதிரை, யானை வரைக்கும் அந்தப் பட்டியலில் உண்டு.

எங்கள் பக்கத்தில் மகமை வளர்ந்தது பயத்தில். 1801-இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த பிறகு, தாமிரபரணிக்குத் தெற்கே பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வியாபாரிகள் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு வடக்கே வந்தார்கள். வழியில் கொள்ளை பயம். போய்ச் சேர்ந்த ஊரிலோ அவர்களைச் சமமாக நடத்த ஆள் இல்லை. அதனால் மதில் எழுப்பிய பேட்டைகளைக் கட்டினார்கள். உள்ளே வண்டி அவிழ்க்க இடம், கிணறு, சரக்கு அடுக்கக் கிட்டங்கி. இதற்கெல்லாம் பணம் வந்தது மூட்டைக்கு இவ்வளவு என்று விழுந்த மகமையில்தான். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் இவர்கள் நிலைத்தார்கள். ஊருக்கு ஊர் உறவின்முறை என்ற சபை அமைந்து மகமையை நிர்வகித்தது. விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆனது.

மதில் தேவைப்பட்ட காலம் அது என்பதை 1899 காட்டியது. அந்த ஜூன் மாதம் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ஆனால் அதற்கு முன்பே, 1880களிலேயே, விருதுபட்டி உறவின்முறையின் பணம் வேறொரு வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தது. சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடம் எழுந்தது. மதிலுக்கு எடுத்துவைத்த காசில் கரும்பலகை வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மகமை போதாத இடத்தில் பிடி அரிசி வந்தது. உலை வைக்கும் முன் வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசியைப் பெண்கள் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசியைப் பள்ளிக்காக வந்து வாங்கிப்போவார்கள். உறவின்முறையில் உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை நிலைநிறுத்தியதில் அந்தக் கைப்பிடிக்கும் பங்கு உண்டு. மகமையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிதி முதலில் தன் சாதிக்காரரையே பார்த்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

1903-இல் பிறந்த காமராஜர் அந்தச் சத்திரிய வித்யாசாலையில் படித்தவர். தகப்பனை இழந்த பிள்ளை. படிப்பு பாதியில் நின்று மாமாவின் துணிக்கடைக்குப் போனார். 1956-இல் முதலமைச்சராக இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். பிடி அரிசி வாங்கிய பள்ளியில் படித்தவர் சோறு போட்டதைத் தற்செயல் என்று சொல்ல என்னால் முடியாது. இது ஒரு மண்டிக்காரனின் எண்ணம் மட்டுமே. 1947-இல் எங்கள் ஊருக்குக் கல்லூரியும் வந்தது.

தாத்தாவின் நோட்டை வைத்துக்கொண்டு அன்றிரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் படித்தது கொஞ்சம்தான். தொழிலுக்கு நோக்கம் வேண்டும் என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் அது யாருக்காக இறங்குகிறது என்பதைப் பைசாவாக எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார். நஷ்ட வருடத்தில் அவரைக் கடை திறக்க வைத்தது அந்த எழுத்துதான் என்று நான் நினைக்கிறேன். முழுக்கத் தனக்காக மட்டும் கடை வைத்திருந்தால், மூடுவது அவர் இஷ்டம்.

மறுநாள் கடையைத் திறந்தேன். புது நோட்டில் முதல் பக்கத்தில் மகமைக் கணக்கு எழுதினேன், மூட்டைக்கு ஒரு ரூபாய். எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் அதிலிருந்து போகிறது. சாதி கேட்பதில்லை. நான் கட்ட வேண்டியிருந்த பாக்கிகளை அடைத்து முடிக்க நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும் மகமை ஏறியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பேரேடுகள் கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன், முதல் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.