விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்காத பாதிரியார்

"இந்த உலகம் எப்படி வந்தது?" என்று பிள்ளைகள் கேட்காத வீடு இல்லை. பாட்டியைக் கேட்டால் சாமி படைத்தார் என்கிறார். பள்ளியில் ஆசிரியரைக் கேட்டால் பெருவெடிப்பில் தோன்றியது என்கிறார். இரண்டில் எது உண்மை என்று பிள்ளை மறுபடியும் கேட்கும்போதுதான் பெரியவர்கள் திணறிப் போகிறார்கள். சிலர் சாமியை விட்டுவிடுகின்றனர். சிலர் விஞ்ஞானத்தை ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, "விஞ்ஞானம் இன்று சொல்வதை நம் சமயம் அன்றே சொல்லிவிட்டது" என்று இரண்டையும் ஒட்ட வைத்துத் தப்பித்துக் கொள்கின்றனர்.

இந்த மூன்று வழிகளிலும் போகாத ஒருவர் இருந்தார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவரே அவர்தான். பெயர் ஜார்ஜ் லெமேத்தர். பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர். அதே வேளையில், அங்கி அணிந்து பூசை செய்த கத்தோலிக்கப் பாதிரியார்.

போர்க்களமும் குருமடமும்

லெமேத்தர் 1894-ஆம் ஆண்டு சார்லரூவா நகரில் பிறந்தார். பொறியியல் படித்துக் கொண்டிருந்தவர், 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் படிப்பை விட்டுப் படையில் சேர்ந்தார். பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பிய பின், கணிதமும் இயற்பியலும் கற்றார், குருமடத்திலும் சேர்ந்தார். 1923-இல் குருப்பட்டம் பெற்ற கையோடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் பயின்றார். பிறகு அமெரிக்காவிலும் படித்துவிட்டு, 1925-இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

பேரண்டம் என்றும் மாறாமல் அப்படியே இருக்கிறது என்பதே அக்காலத்து அறிஞர்கள் பலரின் எண்ணம். ஐன்ஸ்டீனும் அப்படித்தான் நம்பினார். அவருடைய சமன்பாடுகளோ பேரண்டத்தை நிலையாக இருக்க விடவில்லை. ஆகவே 1917-இல் அவற்றில் ஒரு மாறிலியைப் புதிதாகச் சேர்த்து, பேரண்டத்தை அசையாமல் நிறுத்தி வைத்தார்.

பேரண்டம் விரிவடையக்கூடும் என்பதை ரஷ்யக் கணித அறிஞர் ஃபிரீட்மன் 1922-இலேயே காட்டியிருந்தார். அதை அறியாத லெமேத்தர், 1927-இல் தாமே அந்த முடிவுக்கு வந்தார். அத்துடன் நில்லாமல், விண்மீன் கூட்டங்கள் நம்மை விட்டு விலகிச் செல்லும் வேகத்தோடு அதை இணைத்தும் காட்டினார். அக்கட்டுரை பெல்ஜிய இதழ் ஒன்றில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்ததால் படித்தவர் மிகச் சிலரே. அதே ஆண்டு பிரசல்ஸ் மாநாட்டில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டீன், கணக்கு சரிதான், ஆனால் அதன் இயற்பியலை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார். 1929-இல் அமெரிக்க வானியலாளர் ஹப்பிளின் அளவீடுகள் வெளிவந்த பிறகே நிலைமை மாறியது.

அடிக்கப்பட்ட ஒரு பத்தி

விரிவடைகிறது என்றால், காலத்தில் பின்னோக்கிப் போகப் போக எல்லாம் ஒன்றாக நெருங்கியிருக்க வேண்டும் அல்லவா? 1931 மே மாதம், 'நேச்சர்' இதழில் லெமேத்தர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஐந்நூறு சொற்கள்கூட இல்லாத அக்குறிப்பில், உலகம் முழுவதும் ஒரே ஓர் அணுவைப் போன்ற நிலையிலிருந்து பிளந்து பிளந்து உருவாகியிருக்கலாம் என்றார். இதுவே பின்னர் 'ஆதி அணு' கோட்பாடு என்று பெயர் பெற்றது.

அக்குறிப்பின் தட்டச்சுப் படியில் மேலும் ஒரு பத்தி இருந்தது. இறைவன் மறைந்திருப்பவன் என்றும், படைப்பை மறைக்கும் திரையை இயற்பியல் தருவதைக் கண்டு இறைநம்பிக்கை உள்ளவர்கள் மகிழலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பத்தியை அவரே அடித்துவிட்டார்.

நம்பிக்கை குறைந்து அவர் அதை அடிக்கவில்லை. கடைசி வரை அவர் பாதிரியாராகவே வாழ்ந்தார். உண்மையை அடைய இரண்டு வழிகள் உண்டு, இரண்டிலும் நடப்பது என்று முடிவெடுத்தவர் அவர். ஆனால் ஒரு வழியில் நடக்கும்போது மற்றொன்றை ஊன்றுகோலாக்க அவர் விரும்பவில்லை.

தடுத்தது யார்?

பேரண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பக்தர்கள் எல்லாரும் ஏற்றார்கள், நாத்திகர்கள் எல்லாரும் எதிர்த்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எடிங்டன் குவேக்கர் எனும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த இறைநம்பிக்கையாளர். ஆயினும் திடீரென்று ஒரு தொடக்கம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆதி அணு பற்றிப் பேசியபோது, அது படைப்பை மிகவும் நினைவூட்டுகிறது என்று ஐன்ஸ்டீன் தயங்கியதாக லெமேத்தர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

கடவுள் நம்பிக்கை இல்லாத பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெட் ஹாய்ல், 1948-இல் மாற்றுக் கோட்பாடு ஒன்றை முன்வைத்தார். பேரண்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. விரிய விரியப் புதிய பொருள் உண்டாகி இடைவெளியை நிரப்புகிறது என்பது அவர் வாதம். 1949-இல் பிபிசி வானொலியில் பேசியபோது, எதிர்த்தரப்புக் கோட்பாட்டைப் 'பெருவெடிப்பு' என்று அழைத்தவரும் அவரே. அது கேலி என்று பலர் கருதினாலும், நேயர்களுக்கு வேறுபாட்டைப் புரியவைக்கவே அப்படிச் சொன்னதாக அவர் பின்னர் விளக்கினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

போப்பாண்டவரின் உரை

1951 நவம்பர் 22-ஆம் நாள், வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் போப்பாண்டவர் 12-ஆம் பயஸ் உரையாற்றினார். ஒளி உண்டாகட்டும் என்று இறைவன் சொன்ன அந்தத் தொடக்க கணத்துக்கு இன்றைய விஞ்ஞானம் சாட்சி கூறுவதாக அவர் பெருமிதம் கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பார்கள். திருச்சபையின் தலைவரே தம் கோட்பாட்டுக்கு வாழ்த்துரைப்பது சிறிய விஷயமா? லெமேத்தருக்கோ அது கவலை அளித்தது. அங்கி அணிந்தவர் சொன்ன கோட்பாடு என்பதால், படைப்புக் கதையை இயற்பியலுக்குள் கொண்டு வருகிறார் எனும் சந்தேகம் ஏற்கனவே இருந்தது. வத்திக்கான் வானாய்வுக் கூடத்தின் இயக்குநரோடு அவர் கலந்து பேசினார். மறு ஆண்டு செப்டம்பரில் ரோமில் கூடிய அனைத்துலக வானியலாளர்களிடையே போப்பாண்டவர் பேசியபோது, அந்தச் சாட்சிப் பேச்சு இடம்பெறவில்லை.

அதே 1952 மாநாட்டில் இன்னொன்றும் நடந்தது. விண்மீன் கூட்டங்களின் தொலைவை அதுவரை குறைத்துக் கணக்கிட்டிருந்ததாகவும், உண்மையில் அது ஏறக்குறைய இரு மடங்கு என்றும் வால்டர் பாடே எனும் வானியலாளர் அறிவித்தார். அதனால் பேரண்டத்தின் கணக்கிடப்பட்ட வயதும் இரு மடங்காகியது. இன்றைய கணக்கு ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகள். விஞ்ஞானம் இப்படித் தன்னைத் தானே திருத்திக் கொண்டுதான் வளர்கிறது. அதன் ஒரு நாள் கணக்கில் கடவுளைக் கட்டி வைத்தால், கணக்கு மாறும் நாளில் கடவுள் என்ன ஆவார்? லெமேத்தரின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

1965-இல் பென்சியஸ், வில்சன் எனும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய கதிர்வீச்சைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். தொடக்க காலத்து வெப்பத்தின் மிச்சம் அது. நோய்ப்படுக்கையில் இருந்த லெமேத்தருக்கு அச்செய்தி எட்டியது. 1966 ஜூன் 20-ஆம் நாள் அவர் காலமானார். ஹப்பிள் விதியை இனி ஹப்பிள்-லெமேத்தர் விதி என அழைக்கலாம் என்று அனைத்துலக வானியல் சங்கம் 2018-இல் பரிந்துரைத்தது.

நம் வீட்டுப் பேச்சு

இந்தக் கதை நமக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக் கூடத்தில் 2004 முதல் நடராசர் சிலை ஒன்று நிற்கிறது. இந்திய அரசின் அன்பளிப்பு அது. அந்தப் படத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, பெருவெடிப்பை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர்" என்று பேசுவோர் நம்மிடையே உண்டு.

சைவ சித்தாந்தம் சொல்வது என்ன? மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களைக் கொண்டது. தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு முதல்வன் உண்டு என்பதை அதன் முதல் நூற்பாவே பேசுகிறது. உலகம் ஒடுங்கி மீண்டும் தோன்றுவது உயிர்களின் மலம் நீங்குவதற்காக. பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கம் இல்லாதவை. ஆக, அந்நூலின் அக்கறை உயிரின் விடுதலை. விண்மீன் கூட்டங்களின் வேகத்தை அளப்பது அதன் நோக்கமன்று. அதைப் பெருவெடிப்பின் முன்னறிவிப்பாக ஆக்கினால், சித்தாந்தத்துக்கும் நியாயம் செய்யவில்லை, விஞ்ஞானத்துக்கும் நியாயம் செய்யவில்லை.

பல சமயத்தவரும் ஒரே வகுப்பறையில் அமரும் நாடுகள் இவை. ஒவ்வொரு சமயமும் விஞ்ஞானத்தைத் தன் பக்கத்துச் சாட்சியாக இழுத்தால், பாடம் நின்று வழக்குதான் நடக்கும். பாட்டி தம் நம்பிக்கையைக் கூச்சமின்றிச் சொல்லட்டும். ஆசிரியர் தம் கணக்கை ஒளிவுமறைவின்றிக் காட்டட்டும். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை குழம்பிப் போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காலையில் பூசையும் பின்னர் வகுப்பில் பேரண்டக் கணக்குமாக ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர் எழுதிவிட்டு அடித்த அந்தப் பத்தியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.