அன்பளிப்பில் தரகு: டிப்ஸ் யாருக்குரியது என்னும் வினாவின் வரலாறு

பேசிய கூலிக்கு மேல், மனநிறைவின் அடையாளமாக வாடிக்கையாளர் தரும் சிறுதொகையே டிப்ஸ் எனப்படும் அன்பளிப்பு. ஃப்ரீலான்சர்கள் எனப்படும் தற்சார்புப் பணியாளர்களுக்கான இணையச் சந்தைகள் சில, இத்தொகையிலும் தரகு எடுக்கின்றன. இது புதிய வழக்கம் போலத் தோன்றினாலும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மூன்றாமவர் கைநீட்டுவது பழைய செய்தியே. ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் பேருணவகங்கள், விருந்தினரின் தொப்பியையும் மேலங்கியையும் வாங்கி வைக்கும் பணியைக் குத்தகைக்கு விட்டன. குத்தகைதாரர் உணவகத்திற்குப் பணம் கட்டினார். பணிப்பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தார். விருந்தினர் அப்பெண்களிடம் தந்த காசைத் தாமே எடுத்துக்கொண்டார். காசை மறைத்து வைக்க இயலாதவாறு பையில்லாச் சீருடை தைத்துத் தரப்பட்டதும் உண்டு. விருந்தினரோ அக்காசு அந்தப் பெண்ணையே சேர்கிறது என்று எண்ணியிருந்தனர். அந்த எண்ணமே குத்தகைதாரரின் முதலீடாக இருந்தது எனலாம்.

இரயில் நிலையங்களில் 'ரெட்கேப்' எனப்பட்ட சுமைப்பணியாளர்களின் வழக்கு வேறு வகையானது. இவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நிலையத்தில் இவர்கள் சம்பளமின்றி அன்பளிப்பை மட்டுமே நம்பி உழைத்தனர். 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. அன்பளிப்பையே அக்கூலியாகக் கணக்கிட்டுக் குறைவதை மட்டும் தாம் ஈடுசெய்வதாக நிலைய நிறுவனம் அறிவித்தது. 1942இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லும் என்றது. காசு பணியாளரின் கையில்தான் இருந்தது. அதன் பயனோ நிறுவனத்தைச் சேர்ந்தது.

பின்வந்த சட்டங்கள் இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. 1966ஆம் ஆண்டுத் திருத்தம், குறைந்தபட்சக் கூலியின் பாதி அளவுக்கே அன்பளிப்பைக் கணக்கில் சேர்க்கலாம் என வரம்பிட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம், எக்காரணத்தாலும் முதலாளி பணியாளரின் அன்பளிப்பை எடுத்துக்கொள்ளலாகாது எனத் தடுத்தது. ஆயினும் இப்பாதுகாப்பு ஊழியர் என்னும் தகுதி உடையோருக்கே உரியது. தற்சார்புப் பணியாளர் அவ்வரையறைக்குள் வாரார்.

2010இல் டெல் அவிவ் நகரில் தொடங்கப்பெற்ற ஃபைவர், 5 டாலர் பணிக்கு 4 டாலரைப் பணியாளருக்குத் தந்து ஒரு டாலரைத் தரகாகக் கொண்டது. அதே 20 விழுக்காடு அன்பளிப்புக்கும் பொருந்துகிறது; வாடிக்கையாளர் 50 டாலர் மகிழ்ந்தளித்தால் பணியாளரை அடைவது 40 டாலரே. அப்வொர்க் தளமும் கூடுதல் வெகுமதித் தொகையில் தன் கட்டணத்தைக் கழிக்கிறது. இதற்கு மாறாக, ஊபர் 2017இல் தன் செயலியில் அன்பளிப்பு வசதியைச் சேர்த்தபோது அதில் தரகு எடுக்கவில்லை.

இவ்வேறுபாட்டுக்குப் பேராசை மட்டுமே காரணம் என்பது எளிய விடை. அது போதுமான விடையன்று. ஊபரில் கட்டணத்தைத் தளமே முடிவு செய்கிறது. ஃபைவரில் விலையைப் பணியாளர் வைக்கிறார். அங்கே அன்பளிப்புக்குத் தரகு இல்லையெனில், 100 டாலர் பணியை 10 டாலருக்குப் பதிந்து, எஞ்சிய 90 டாலரை அன்பளிப்பாகப் பெற்றுத் தரகைத் தவிர்க்க வழியுண்டு. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பணித்தொகையின் குறிப்பிட்ட பங்குவரை தரகை விலக்கி, அதற்கு மேற்பட்டதற்கு மட்டும் விதித்தாலே இவ்வழி அடைபடும். முழுத்தொகைக்கும் தரகு விதிப்பது அன்பளிப்பை விலையாகவே மாற்றிவிடுகிறது. பெயர் மட்டும் அன்பளிப்பாக நிற்கிறது.

சட்டம் இங்கு எங்கே தலையிடும் என்பதை அமேசான் ஃபிளெக்ஸ் வழக்கு காட்டுகிறது. அதன் விநியோக ஓட்டுநர்களும் தற்சார்புப் பணியாளர்களே. அன்பளிப்பு முழுவதும் அவர்களுக்கே என்று வாக்களித்த நிறுவனம், வாக்களித்த அடிப்படை ஊதியத்தின் ஒரு பகுதியை அந்த அன்பளிப்பைக் கொண்டே நிரப்பியது என்பது குற்றச்சாட்டு. 2021 பிப்ரவரியில் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அது 6 கோடியே 17 இலட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது பொய்யான வாக்குறுதி. விதிமுறையில் முன்னரே எழுதி வைத்து எடுக்கப்படும் 20 விழுக்காட்டை இந்த வழியில் வினவ இயலாது.