பத்து வயதுக்குக் கீழ்: ஊர் திரும்பிய குடும்பங்களும் பரிசோதனை விதிகளும்

2020 மே 24 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் பயணிகளுக்கென இரண்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒன்று வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு. மற்றொன்று நாட்டுக்குள் விமானம், ரயில், பேருந்து வழியாகச் செல்வோருக்கு. முதலாவதன்படி வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஏழு நாள் சொந்தச் செலவில் முகாமிலும் ஏழு நாள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். கர்ப்பம், குடும்பத்தில் மரணம், கடும் நோய் ஆகியவற்றோடு, பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையோடு வரும் பெற்றோருக்கும் பதினான்கு நாளையும் வீட்டிலேயே கழிக்கும் விலக்கு அதில் உண்டு. இரண்டாவது ஆவணத்தில் குழந்தை என்ற சொல்லே இல்லை. அறிகுறியற்றோர் தம்மைத் தாமே பதினான்கு நாள் கவனித்துக்கொள்ளலாம் என்று கூறிவிட்டு, மாநிலங்கள் தத்தம் நெறிமுறைகளை வகுத்துக்கொள்ளலாம் என்று அது முடிகிறது.

மும்பைத் தமிழரின் அண்மைக்கால வரலாற்றில் இவ்விரு ஆவணங்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜத்தையும் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவி நிலைபெற்ற நடுத்தர வர்க்கமும், பின்னர் செம்பூருக்குப் பரவிய அதன் கிளைகளும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளைக் கொண்டவை. அவ்வீடுகளுக்குத் திரும்பிய இளங்குடும்பங்கள் முதல் ஆவணத்தின் கீழ் வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் துப்புரவுப் பணிக்கும் சிறு வணிகத்துக்கும் வந்து தாராவியில் வேரூன்றிய குடும்பங்கள், ஊருக்குப் புறப்பட்டபோது இரண்டாவதன் கீழ் வந்தன. மொழியும் நகரமும் ஒன்றே; குழந்தையின் வயதுக்குப் பொருள் இருந்ததோ ஒரு வாசலில் மட்டும்.

தாராவியில் முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று அறியப்பட்டது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் பேர் வாழும் பகுதி அது. ஏப்ரல் 29 அன்று உள்துறை அமைச்சகம் சிக்கியிருந்தோர் மாநிலம் கடக்க அனுமதி அளித்தது; மே 1 முதல் ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. புறப்பட விரும்பியவர் மருத்துவச் சான்று காட்ட வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கப்பட்டதால், மே முதல் வாரத்தில் தாராவியின் தனியார் மருத்துவமனை வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. நோய்த்தொற்று இல்லை என்பதற்கான சான்றைப் பெறவே நெருக்கியடித்து நிற்க வேண்டிய இந்த முரணைப் பலரும் சுட்டிய பின், மகாராஷ்டிர அரசு அந்த நிபந்தனையைக் கைவிட்டது. மறுமுனையில் தமிழ்நாட்டு அரசு எச்சரிக்கையாகவே இருந்தது. மே 31 வரை வழக்கமான ரயில் போக்குவரத்தைத் தொடங்க வேண்டாம் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மே 11 அன்று பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். ஆகவே பலர் இ-பாஸ் பெற்று வேன்களிலும் வாடகைப் பேருந்துகளிலும் சாலை வழியே வந்தனர். நெல்லை எல்லையில் கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் அவர்களின் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே வந்த பிள்ளைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி நுழைந்த இடம் பெரும்பாலும் அத்தகைய சாவடிகளே.

பம்பாயிலிருந்து தெற்கே வருவோரை ஐயத்தோடு நோக்கும் வழக்கம் 2020இல் பிறந்ததன்று. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வீகாஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். அடுத்த சில மாதங்களில் நகர மக்களில் மிகப் பெரும் பகுதியினர் வெளியேறினர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ரயில் பயணிகளைப் பரிசோதிக்கவும் நோய் ஐயமுள்ளோரைத் தனியே பிரித்து வைக்கவும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது. 2020இலும் மாநிலங்கள் கையில் எடுத்தது அதே சட்டத்தைத்தான். மதராஸ் மாகாணம் அன்று கண்டறிந்த கருவி ‘பிளேக் பாஸ்போர்ட்’. நோயுள்ள பகுதியிலிருந்து வருபவரின் பெயரும் செல்லுமிடமும் எழுதப்பட்ட சீட்டு அது. அதை வைத்திருப்பவர் பத்து நாள் வரை உள்ளூர் அதிகாரி முன் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். பயணத்தைத் தடுப்பதைவிடப் பயணியைத் தொடர்ந்து கண்காணிப்பதே இதன் நோக்கம். இ-பாஸும், வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட தனிமைத் தாளும் இதன் வாரிசுகள் என்று சொல்வதில் மிகை இல்லை.

எனினும் இரு காலங்களுக்கும் இடையே கவனிக்கத்தக்க ஒரு மாற்றம் உண்டு. பிளேக் காலத்து விவாதங்களின் மையம் பெண்களின் மானம். ரயில் மேடையில் ஆண் மருத்துவர் பெண்ணின் உடலைத் தொட்டு நெறிக்கட்டி உள்ளதா என்று பார்ப்பதற்கு எதிராகவே கண்டனங்கள் எழுந்தன. திரைகளும் பெண் மருத்துவர்களும் அதன் விளைவு. குடும்பம் என்பது அன்று அந்தப்புரத்தின் பெயரால் சலுகை கேட்டது. 2020இல் குழந்தையின் பெயரால் கேட்டது. குழந்தையைத் தனி உரிமைக்குரிய வகையாகக் காணும் இருபதாம் நூற்றாண்டின் சிந்தனை இடையில் நுழைந்திருப்பதே இதற்குக் காரணமாகத் தோன்றுகிறது.

மண்டபம் முகாமையும் இங்கு நினைக்கலாம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்த காலத்திலிருந்து, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் அங்கே தனிமையில் வைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். கங்காணி அழைத்துச் சென்ற கூட்டங்களில் கைக்குழந்தைகளும் இருந்தனர். தோட்டத் தொழிலாளர் குடும்பமாகவே திரட்டப்பட்டதால் முகாமும் குடும்பங்களுக்கானதாகவே அமைந்தது. ஆனால் அங்கு விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. வசதியுள்ள பயணியருக்கு வேறு நடைமுறை. கூலி என்று பதிவானவருக்கு முகாம்.

வயது வரம்பின் கதை தனியே எழுதத்தக்கது. 2020 ஆகஸ்ட் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் பத்து வயது விலக்கு நீடித்தது; ஆனால் பயணத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னதாக இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காதோர் தொண்ணூற்றாறு மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்றைக் காட்டியும் முகாமைத் தவிர்க்கலாம். 2021 பிப்ரவரி 22 முதல் எழுபத்திரண்டு மணி நேரச் சான்று பொதுவிதியாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 12 முதல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பயணத்துக்கு முன்னும் பின்னும் பரிசோதனை இல்லை. அறிகுறி தென்பட்டால் மட்டும் உண்டு. 2022 டிசம்பரில் விமான நிலையங்களில் இரண்டு விழுக்காட்டுப் பயணிகளைச் சோதிக்கும் முறை வந்தபோது விலக்கு பன்னிரண்டு வயதுக்கு உயர்ந்தது. பத்து, ஐந்து, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகளுக்குள் குழந்தைப் பருவம் சுருங்கியும் விரிந்தும் போனது. ஐந்தும் பன்னிரண்டும் இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டு வரம்புகளோடு ஒத்துப்போவது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் இவ்வெண்கள் அலுவலகத்துக்குப் பழகிய எண்கள் என்பதை அது நினைவூட்டுகிறது. ஒன்பது வயது மகளும் பதினொரு வயது மகனும் உள்ள தாய்க்கு அவ்விதியின் பொருள் என்ன என்பதை வழிகாட்டுதலின் சொற்கள் தெளிவாக்கவில்லை. வாசலில் நின்ற அதிகாரியின் மனமே அதைத் தீர்மானித்திருக்கும்.

சான்று எதைச் சான்றுரைத்தது என்பதும் கேள்விக்குரியது. 2020 ஜூலையில் மும்பை மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் மூன்று வார்டுகளில் குருதி எதிர்ப்புப் பொருள் ஆய்வு நடத்தின. செம்பூரை உள்ளடக்கிய எம்-மேற்கும் மாட்டுங்காவை உள்ளடக்கிய எஃப்-வடக்கும் அவற்றுள் இரண்டு. குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும் ஏனைய பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் முன்னர்த் தொற்று ஏற்பட்டதற்கான அடையாளம் இருந்தது. குடிசைவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நோயைக் கடந்துவிட்ட நகரத்திலிருந்து வந்த பயணியிடம் சாவடி கேட்டது அன்றைய மூக்குச் சளியின் முடிவை மட்டுமே. அதே ஆண்டு நவம்பர் 25 முதல் டெல்லி, குஜராத், ராஜஸ்தான், கோவா ஆகியவற்றிலிருந்து வருவோரிடம் மகாராஷ்டிரமே சான்று கேட்கத் தொடங்கியது. மே மாதத்தில் ஐயத்துக்குரியவராய் இருந்தவர்கள் ஆறே மாதத்தில் ஐயுறுவோர் ஆயினர்.

இன்று இக்காலத்தை ஆராய்பவருக்குத் தமிழ்நாட்டின் நாள்தோறும் வெளியான சுகாதார அறிக்கை முதன்மைச் சான்று. அதில் ஓர் அட்டவணை எந்தெந்த மாநிலத்திலிருந்து எத்தனை பேர் தொற்றோடு வந்தனர் என்று காட்டுகிறது. மகாராஷ்டிரம் அதில் மே மாதத்தில் முன்னிற்கிறது. வேறோர் அட்டவணை வயதைப் பன்னிரண்டு வரை, பதின்மூன்று முதல் அறுபது வரை, அதற்கு மேல் என மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தாராவியிலிருந்து வந்து நெல்லையில் தொற்று உறுதியான குழந்தை, முதல் அட்டவணையில் வயதில்லாத ஒருவர். இரண்டாவதில் ஊரில்லாத ஒருவர். உடன் பயணிப்போர் பெயர்களைத் தாங்கிய இ-பாஸ் தாள்களும், தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் 2020–21 வருகைப் பதிவேடுகளும், அவ்வாண்டு தென்மாவட்டக் கிராமப் பள்ளிகளில் இடையில் சேர்ந்த மாணவர் பட்டியல்களும் அருகருகே வைத்துப் படிக்கப்பட்டால் மட்டுமே அப்பிள்ளைகளைப் பெயரோடு கண்டறிய இயலும். இ-பாஸ் தாள்கள் பெரும்பாலும் வீட்டு அலமாரிகளிலும் பழைய கைபேசிகளிலும் கிடக்கின்றன.