துட்டும் பிராங்கும்

நாணயம் ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது? இதன் மதிப்புக்குப் பொறுப்பேற்பவர் யார்? பிரெஞ்சுக்காரர்கள் கடல் கடந்து ஆண்ட இரண்டு ஊர்களின் நாணயங்களைக் கொண்டு இவற்றுக்கு விடை காண்போம். இரண்டும் தமிழர் கைகளில் புழங்கியவை.

முதலாவது புதுச்சேரி. 1674ஆம் ஆண்டில் பிரெஞ்சு வணிகக் கம்பெனியார் அங்கே நிலைகொண்டனர். துணி வாங்கவும் கூலி கொடுக்கவும் அவர்களுக்குக் காசு தேவைப்பட்டது. 1736இல் ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். அந்த வெள்ளி ரூபாயில் பிரெஞ்சு எழுத்து இல்லை. பாரசீக எழுத்தே இருந்தது. மக்கள் பழகிய ஆர்க்காட்டு ரூபாயைப் போலவே அதை அடித்தார்கள்.

செப்புத் துட்டைப் பார்ப்போம். ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் அல்லிமலர்ச் சின்னம். மறு பக்கம் ஊரின் பெயர், தமிழ் எழுத்தில்! 3 துட்டு ஒரு பணம். 8 பணம் ஒரு ரூபாய். நாம் சொல்லும் 'பணம்' பிரெஞ்சுக்காரர் வாயில் 'ஃபனோன்' ஆயிற்று. 'துட்டு' 'துதூ' ஆயிற்று. காரணம் எளிது. சந்தையில் கீரை விற்கும் அம்மாள் வாங்க மறுத்தால், மன்னர் முத்திரை இருந்தும் பயன் என்ன?

இரண்டாவது ஊர், இந்துமாக் கடலிலுள்ள ரீயூனியன் தீவு. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் பலர் கப்பலேறினர்.

தீவில் சில்லறைத் தட்டுப்பாடு நிலவியது. 1859இல் கெர்வெகேன் என்னும் பெருந்தோட்ட முதலாளி, ஆஸ்திரியா நாட்டில் செல்லாக்காசாகிவிட்ட 20 குரோய்ட்சர் வெள்ளி நாணயங்களை வாங்கி, அரசின் அனுமதியோடு இறக்கினார். தீவில் ஒவ்வொன்றும் ஒரு பிராங்க் என்று செல்லுபடியாயிற்று. மக்கள் அதற்கு அந்த முதலாளியின் பெயரையே வைத்து அழைத்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். அக்காலத்து உண்மையான ஒரு பிராங்கில் நாலரைக் கிராம் வெள்ளி இருந்தது. இந்த நாணயத்தில் 4 கிராம்கூட இல்லை. தீவுக்குள் இருக்கும்வரை குறை தெரியாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ஒருவர் அதை மடியில் முடிந்து கொண்டு போனால், காரைக்காலில் இறங்கியதும் அது ஒரு பிராங்க் அன்று. எடைக்குரிய வெள்ளி மட்டுமே. உழைத்தது முழு நாள். கையில் நின்றதோ குறைந்த கூலி. 20 ஆண்டுகள் கழித்து, 1879இல்தான் அரசு அந்த நாணயத்தை விலக்கியது.

புதுச்சேரியில் காசை ஏற்பதும் மறுப்பதும் சந்தை மக்கள் கையில் இருந்தது. ஆகவே ஆட்சியாளர் தமிழில் பொறித்தனர். தீவுத் தோட்டத்திலோ கொடுத்ததை வாங்குவதைத் தவிரத் தொழிலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை.

எனவே நேயர்களே, கூலி எத்தனை என்று எண்ணுவதோடு நில்லாமல், அது எங்கே, எவ்வளவுக்குச் செல்லும் என்றும் கேட்கப் பழகுவோம். நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுப்போம்.